சனிக்கிழமை எம்.எஸ்சி. கேளுங்கள், டீச்சர்!

"இனிமே படிச்சு என்ன ஆகப்போகுது?" என்ற பேச்சை இன்றோடு விடுங்கள், டீச்சர். உங்களிடம் படிக்கிற பிள்ளை இப்படிக் கேட்டால் சும்மா விடுவீர்களா? விடியலில் ஷூ கம்பெனி வண்டி ஏறிப் போகிற அம்மாவின் மகளைப் பிடித்து நிறுத்தி, "பிளஸ் டூவோட நின்னுடாதே" என்று அதட்டுகிறவர் நீங்கள். அந்த அதட்டலில் பாதியையாவது உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உயர்கல்வித் தகுதிக்கான ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சில் தமிழக அரசு நிறுத்தியது. கோபம் நியாயமானது. சங்கத்தில் பேசுங்கள், போராடுங்கள். ஆனால் இன்கிரிமென்ட் போனது என்பதற்காகப் படிப்பையும் சேர்த்துத் தலைமுழுகுவது என்ன கணக்கு? பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புக்குப் பாடம் எடுக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்கு அந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டம் இல்லாமல் போக முடியாது. பதவி உயர்வோ, டி.ஆர்.பி. தேர்வோ, எந்த வழியில் போனாலும் வாசலில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

பதவியை விடுங்கள். நீங்கள் வேதியியல் ஆசிரியரா? நம் நாட்றம்பள்ளிப் பகுதியே ஓர் ஆய்வகம். தோல் பதனிடக் குரோமியம் சல்பேட் ஊற்றுகிறார்கள். அதில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். அதுவே ஆறு இணைதிறனுக்கு மாறினால் கொடிய நச்சு. பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அதன் பின்னால் இருக்கிற வேதியியலை நம் பிள்ளைகளுக்கு, அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வைத்தே விளக்க, ஆழமாகப் படித்த ஒருவர் வேண்டாமா? அது ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?

"கரஸ்ல படிச்ச டிகிரிதானே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. அண்ணாமலை 1979-இல் தொடங்கியது. இடைநிலை ஆசிரியராகக் குக்கிராமத்தில் வேலைக்குச் சேர்ந்து, தபாலில் வந்த பாடங்களை இரவில் படித்து, கோடை விடுமுறையில் நேர்முக வகுப்புக்கு ரயிலேறிப் போய், எம்.ஏ. முடித்துத் தலைமையாசிரியர் ஆனவர்கள் எத்தனை பேர்! உங்களுக்கே பாடம் எடுத்தவர்களில் ஒருவராவது அப்படி வந்தவராக இருப்பார். விசாரித்துப் பாருங்கள்.

இன்று தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, இக்னோ இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டாதீர்கள். அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் என்று யுஜிசி 2022-இல் அறிவித்தபோது எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும்! நீங்கள் சேரும் ஆண்டுக்கு, நீங்கள் சேரும் பாடத்துக்கு, யுஜிசி பட்டியலில் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது.

தமிழும் வரலாறும் தபாலில் படித்துவிடலாம். வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் ஆய்வகம் வேண்டுமே? இங்கேதான் நாம் குரல் உயர்த்த வேண்டும். சேர்க்காட்டில் இருக்கிற திருவள்ளுவர் பல்கலைக்கழகம் நமக்கு ஆம்பூரையும் வேலூரையும் தாண்டிய தூரம். பள்ளி விட்டு அங்கே போய்ப் படிக்க யாராலும் ஆகாது. ஆனால் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951 முதல் இருக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1919-இல் இந்த மண்ணே எழுப்பிக்கொண்ட கல்லூரி அது. இரண்டும் நாட்றம்பள்ளியிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரம். அந்த ஆய்வகங்களைச் சனி, ஞாயிறிலும் மே மாதத்திலும் ஆசிரியர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன? திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தட்டும், உள்ளூர்க் கல்லூரி செய்முறையை நடத்தட்டும். நடக்காத காரியமா இது? பின்லாந்தில் பள்ளி ஆசிரியராக முதுகலைப் பட்டம் கட்டாயம். 1970-களிலேயே அந்த முடிவை எடுத்துவிட்டார்கள். நாம் கேட்பது சனிக்கிழமை ஓர் ஆய்வகத்தின் சாவி.

கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். தனியாகப் போய்க் கேட்டாலும் "பார்க்கலாம் மேடம்" என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த சி.ஆர்.சி. (குறுவள மைய) கூட்டத்துக்கு ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். எம்.எஸ்சி. வேதியியல் யார் யார், கணிதம் யார் யார், ஆங்கிலம் யார் யார் என்று பாடவாரியாகப் பெயர் வாங்குங்கள். நாட்றம்பள்ளி, ஜோலார்பேட்டை, கந்திலி மூன்று ஒன்றியமும் சேரட்டும். கையெழுத்துப் பட்டியலோடு இரண்டு கல்லூரி முதல்வர்களையும் பாருங்கள். நகலைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். கூடவே, படிப்பில் சேரத் துறையின் முன் அனுமதிக்கும் இப்போதே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அனுமதி வாங்காமல் சேர்ந்தால், பின்னால் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றும்போது அலைய வேண்டியிருக்கும்.