விதைநெல் யாருடையது?

பெரியபுராணத்திலே வரும் இளையான்குடி மாற நாயனாரின் வரலாறு அடியார்கள் யாவரும் அறிந்ததே. ஆவணி மகத்தில் அவரது குருபூசை வரும்போதெல்லாம் கேட்டிருக்கின்றோம். செல்வமெல்லாம் போய் வறுமையுற்ற காலத்தில், மழை பொழியும் இரவில் அடியார் ஒருவர் வீடு தேடி வருகின்றார். உலையில் இட அரிசியில்லை. நாயனார் இருளிலே வயலுக்குச் சென்று, அன்று பகல் விதைத்த முளைநெல்லைக் கையாலே வாரிக் கூடையிற் சுமந்து வருகின்றார். விறகில்லையென்று வீட்டுக் கூரையையே அறுத்துக் கொடுக்கின்றார். அம்மையார் அந்நெல்லை வறுத்துக் குற்றி அமுதாக்குகின்றார்.

சிறுவயதில் இதைக் கேட்டபோது எனக்கொரு சந்தேகம் எழுந்தது. என் அம்மம்மா விதையென்றால் எவரையும் தொடவிடாதவர். முற்றிப் பழுத்த புடோலின் விதையைச் சாம்பலிற் பிரட்டிக் காயவைத்து, சீலைத்துண்டில் முடிந்து, அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிடுவார். விதைக்கென விட்ட காயிலே கை வைத்தால் ஏச்சுத்தான். அப்படியானால் நாயனார் விதையை அள்ளியது சரியா என்று கேட்டேன். "அது அவரின்ரை நெல்லு, மோனை" என்று மட்டும் சொன்னார். அதன் கனம் அப்போது விளங்கவில்லை.

பின்னாளில் லெனின்கிராட் நகரத்தின் கதையைப் படித்தபோதுதான் விளங்கிற்று. இரண்டாம் உலகப் போரிலே 1941 செப்டெம்பர் தொடக்கம் 1944 சனவரி வரை அந்நகரம் முற்றுகையிடப்பட்டு, பல இலட்சம் மக்கள் மாண்டனர். நிக்கொலாய் வவிலோவ் என்னும் விஞ்ஞானி நாடு நாடாக அலைந்து சேர்த்த விதைக் களஞ்சியம் அங்கிருந்தது. (அவரோ அப்போது தம் நாட்டு அரசின் சிறையிலே கிடந்தார், 1943இல் அங்கேயே இறந்தார்.) களஞ்சியத்தைக் காத்த ஊழியர் சிலர், தானியப் பொதிகளின் நடுவே இருந்துகொண்டே பட்டினியால் உயிர்விட்டனர். நெல் விதைகளுக்குப் பொறுப்பாயிருந்த திமித்ரி இவானோவ் அவர்களுள் ஒருவர்.

நாயனார் தம்முடையதைக் கொடுத்தார். இவர்கள் தம்முடையதல்லாததைத் தொட மறுத்தார்கள். அம்மம்மா சொன்னது இதைத்தான். ஆயினும் அவர் முடிந்து வைத்த விதை அவருடையதா, எங்களுடையதா?

1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு நாம் புறப்பட்டபோது அந்த முடிச்சுகள் அடுப்புக்கு மேலேயே தொங்கின. மறு ஆண்டு திரும்பி வந்தபோது அடுக்களையே இல்லை. கத்தரியும் பயிற்றையும் போயே போயின. புடோல் மாத்திரம் தப்பியது. எப்படியென்றால், முன்னொரு முறை வடமராட்சியில் உள்ள உறவினருக்கு அம்மம்மா ஒரு பிடி கொடுத்திருந்தார். பூட்டிக் காத்தது அழிந்தது. கொடுத்தது திரும்பி வந்தது.

இன்று கடையில் வாங்கும் கலப்பின விதையிலே விளைந்த காயிலிருந்து விதையெடுத்து நட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. ஆகவே போகத்துக்குப் போகம் காசு கொடுக்கவேண்டும். விளைச்சல் அதிகம் என்பதை மறுப்பதற்கில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரிலேயே அதைக் கைவிட்டபோது விவசாயிகள் பட்ட பாட்டைக் கண்டவர் எவரும், பழையதற்குத் திரும்பு என்று மற்றவரை அதட்டமாட்டார்.

ஆனால் எமது சங்கக்கடையிலே, நஞ்சு தெளியாத வீட்டுத்தோட்ட மரக்கறி விற்பதற்கு ஓரிடமும், அதன் அருகே ஊர் விதைகளுக்கு ஒரு தட்டும் வைக்க யார் தடை? ஒரு பிடி பெற்றவர் அறுவடையின் பின் இரு பிடி திருப்பித் தரவேண்டும். பல நாடுகளில் சமூக விதை வங்கிகள் இத்தகைய முறையிலேதான் நடைபெறுகின்றன.

வெள்ளம் வந்து பயிர் அழிந்தால், அல்லது பசியினால் ஒரு குடும்பம் விதையையே அவித்து உண்டால், திருப்பிக் கேட்கலாமா என்று நண்பரொருவர் வினவினார். கேட்கலாகாது என்பதே என் எண்ணம். கைக்கு வந்தபின் அது அவர்களுடைய நெல். ஆனால் களஞ்சியத்தின் அரைவாசியை எக்காரணங்கொண்டும், பசியென்று வந்து நின்றாலும், எடுத்துக் கொடுக்கக்கூடாது. அது இன்னும் பிறவாதவர்களுடையது. பசியென்று வந்தவரை அழைத்துச் செல்லக் கோயில் மடமும் அங்கே அரிசி மூடைகளும் இருக்கின்றனவே.