உருவமும் உயிரும்

2020 ஆகஸ்டில் கர்நாடகத்தின் கொப்பளில் நடந்த ஒரு புதுமனை புகுவிழாவில், 2017இல் விபத்தில் இறந்த இல்லத்தரசி சேலையுடன் சோபாவில் அமர்ந்திருந்தார், சிலிகோன் உருவமாக. வால்மீகியின் உத்தரகாண்டத்தில் வேள்விக்காக இராமன் அமைத்த பொற்சீதையும் இத்தகைய பதிலிதான். அது சடங்கில் மனைவியின் இடத்தை நிரப்பியது. மனத்தில் நிரப்பியதா என்பது வேறு கேள்வி.

இறந்த வீரனுக்குப் பதிலியாக நட்ட நடுகற்கள் மலிந்தது தமிழகத்தின் கிருஷ்ணகிரி மாவட்டம். தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை முதலான ஆறு நிலைகளைக் கடந்தே கல் வீரனாகிறது. ஆகமமும் கண்திறப்பு, உயிரேற்றம் முடியும்வரை படிமத்தை வெறும் சிலையாகவே கொள்கிறது. இரண்டிலும் உருவத்துக்கு உயிர் தருவது ஊர்கூடிச் செய்யும் சடங்கு. முகச்சாயல் ஒரு பொருட்டே அல்ல. தனித்திருப்போருக்கு விற்கப்படும் ஆளுயரப் பொம்மையில் இது தலைகீழ்: சாயல் முழுமை, சடங்கு இல்லை, சாட்சியாக ஊரும் இல்லை. கொப்பள் உருவம் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. அது அமர்ந்தது விருந்தினர் கூடிய வீட்டில்.