எத்தனை முறை நிரூபிப்பது?



நான்காம் படிவம் படிக்கும்போது பள்ளி சாஃப்ட்பால் குழுவில் நான்தான் பந்து வீசுபவள். மாவட்டப் போட்டி ஒன்றில் நடுவர் மூன்று முறை என் வீச்சு செல்லாது என்று சொல்லிவிட்டார். வீசும்போது பின்கால் தரையை உரசிக்கொண்டே வர வேண்டும், என் கால் மேலே எழும்பிவிட்டது என்றார். "இல்ல சார், கால் தரையிலதான் இருந்துச்சு" என்று சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் கண்ணாலேயே அடக்கிவிட்டார். ஆட்டத்தில் தோற்றோம். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அழுதேன். தோற்றதற்காக அல்ல. ஏமாற்றுக்காரியைப் பார்ப்பது மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தார்களே, அதற்காக.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா கேட்டார்: "மூணு தடவைக்கே இப்படி அழுவுறியே, முரளியை எத்தனை தடவை சொன்னானுங்க தெரியுமா?"

நம் தோட்டங்களில் காற்பந்துதான் அதிகம், கிரிக்கெட் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முத்தையா முரளிதரன் 1972-இல் இலங்கையில் கண்டியில் பிறந்தவர். அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போனவர். நம் தாத்தா பாட்டி பால்மரம் சீவ நெகிரி செம்பிலானுக்கு வந்த அதே கதைதான், கப்பல் போய்ச் சேர்ந்த கரை மட்டும் வேறு. முரளிக்குப் பிறவியிலேயே வலது முழங்கை முழுதாக நீளாது. அந்த மடங்கிய கையோடும் நன்றாகச் சுழலும் மணிக்கட்டோடும் 1992-இல் இலங்கை டெஸ்ட் அணிக்குள் நுழைந்தார்.

கிரிக்கெட்டில் மடக்கிய முழங்கையை நீட்டிப் பந்தை எறியக் கூடாது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்ன் திடலில், பல்லாயிரம் பேர் முன்னிலையில், நடுவர் டேரல் ஹேர் அவருடைய பந்தை ஏழு முறை 'நோ பால்' என்றார். அடுத்த சில நாட்களில் பிரிஸ்பேனில் ராஸ் எமர்சன் என்ற நடுவரும் அதையே செய்தார். 1999-இல் அடிலெய்டில் மறுபடியும் எமர்சன். அன்று கேப்டன் அர்ஜுன ரணதுங்க அணியையே எல்லைக்கோட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். 2004-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே, முரளி பந்தை எறிகிறார் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

முரளியின் அரசியல் பேச்சுகளில் நம்மில் பலருக்கு உடன்பாடு இல்லை. அது வேறு விவாதம். நான் இங்கே பேசுவது அவருடைய கையைப் பற்றி மட்டும்தான்.

முரளி என்ன செய்தார்? 1996-இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் ஹாங்காங்கிலும் பல்கலைக்கழகச் சோதனைகளுக்குத் தன் கையைக் கொடுத்தார். எறிவது போலத் தெரிவது கண்ணின் மயக்கம் என்று முடிவு வந்தது. ஆனாலும் பேச்சு ஓயவில்லை. 2004-இல் முழங்கை அசையாதபடி ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டு காமிரா முன்னால் வீசிக் காட்டினார்.

கண் எப்படி ஏமாறும் என்று கேட்பீர்கள். வளைந்த ஒரு கம்பியை எடுத்து விளக்குக்கு முன்னால் சுழற்றுங்கள், சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். கம்பி மாறவே மாறாது. நிழல் மட்டும் வளையும், நிமிரும். பொறியியல் வரைபட வகுப்பில் இதைப் படித்தபோது, சமய வகுப்பில் கேட்ட கயிறு-பாம்பு உவமைதான் எனக்கு ஞாபகம் வந்தது. நடுவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது நிழல்.

சரி, நேர்மையாக இருப்பவன் எத்தனை முறை நிரூபிக்க வேண்டும்? 'மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்கு, கேட்குறப்பலாம் காட்டிட்டுப் போ' என்கிறார்கள் சிலர். 'என் மனசாட்சிக்குத் தெரியும், யாருக்கும் காட்டத் தேவையில்லை' என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் எனக்கு முழுதாகத் திருப்தி தரவில்லை.

சீதாதேவியை நினைத்துப் பாருங்கள். இலங்கையில் தீக்குள் இறங்கி நிரூபித்தாள். உத்தர காண்டத்தில் சபை நடுவே மறுபடியும் நிரூபிக்கச் சொன்னபோது பூமித்தாயிடம் போய்விட்டாள். பெரியவர்கள் இதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: இரண்டு முறையும் அவள் ஒருத்தி மட்டும்தான் சோதிக்கப்பட்டாள். வேறு யாரையும் யாரும் கேட்கவில்லை. ஒருவரை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் அது சோதனை இல்லை, தண்டனை.

முரளி கதையில் திருப்பம் வந்தது இங்கேதான். 2004 வாக்கில் அனைத்துலகக் கிரிக்கெட் மன்றம் மற்றப் பந்துவீச்சாளர்களின் கைகளையும் அதே காமிராக்களால் அளந்து பார்த்தது. சுத்தமான கை என்று பெயர் வாங்கியவர்கள் உட்பட, பெரும்பாலோர் முழங்கையைக் கொஞ்சமாவது நீட்டத்தான் செய்தார்கள். அதன் பிறகு 2005-இல் எல்லாருக்கும் 15 பாகை என்று ஒரே வரம்பு வந்தது. 'முரளிக்காகச் சட்டத்தை வளைச்சிட்டாங்க' என்று இன்றைக்கும் சொல்வார்கள். ஒரு விஷயத்தை மறைக்கத் தேவையில்லை: 2004-இல் அவருடைய 'தூஸ்ரா' பந்தை அளந்தபோது, சுழற்பந்துக்கு அன்றிருந்த 5 பாகை வரம்பை அது தாண்டியிருந்தது. ஆனால் அந்தப் பழைய வரம்பையே, வெறும் கண்ணுக்குச் 'சரி' என்று தெரிந்த பல பேர் தாண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களை யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே என் பதில் இது. அளவுகோலுக்குப் பயப்படாதே, கையைக் கொடு. ஆனால் 'இதே அளவுகோலை எல்லாருக்கும் வை' என்றும் கேள். அப்படிக் கேட்பது திமிர் இல்லை, தர்மம். அளவுகோல் எப்போதும் நமக்குச் சாதகமாகவே பேசாது என்பதையும் ஏற்றுக்கொள். அந்தப் போட்டிக்குப் பிறகு தோழி எடுத்த கைப்பேசி வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மூன்றில் இரண்டு முறை என் கால் தரையில்தான் இருந்தது. ஒரு முறை உண்மையிலேயே எழும்பியிருந்தது.

இதுவரை எழுதியது சுலபம், ஏனென்றால் இதில் நான் குற்றம் சாட்டப்பட்டவள். இனி எழுதுவது அப்படி அல்ல.

எங்கள் தோட்டத்துக் கோவில் இளைஞர் குழுவில் ஒரு வருஷம் ஆடித் திருவிழா வசூலில் 150 ரிங்கிட் குறைந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லாருடைய கண்ணும் பின் லயத்துத் தம்பி ஒருவன் மேல் போய் நின்றது. அவனுடைய அண்ணன் ஒரு போலீஸ் கேஸில் மாட்டியவன். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. என் கண்ணும் அங்கேதான் போனது. இரண்டு வாரம் கழித்து, அன்னதானத்துக்கு கேஸ் சிலிண்டர் வாங்கிய ரசீது பொருளாளரின் பையிலேயே கிடைத்தது. அதற்குள் அவன் கோவிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தான்.

வேலை நேர்முகத்தில், கடை வாசலில், 'எஸ்டேட் பசங்க' என்று நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று நாம் குறைப்படுகிறோம். குறைப்படுவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதே பார்வையை நாம் பின் லயத்தின் மேல் வைக்கிறோம். விசாரிக்காமல் கோவலனுக்குத் தீர்ப்பு சொன்ன பாண்டிய மன்னனும் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். அந்த அவசரத்துக்கு ஒரு உயிர் போனது.

இப்போது எங்கள் குழுவில் பணத்தைத் தொடும் ஒவ்வொருவரும் இரண்டு பேர் முன்னால் எண்ணிக் கையெழுத்துப் போடுகிறோம். அதைச் சொல்லித்தான் அந்தத் தம்பியைக் கூப்பிடப் போனேன். மன்னிப்பும் கேட்டேன். அவன் கேட்டது ஒரே கேள்வி:

"எல்லாரும் எழுதுறீங்களாக்கா, இல்ல நான் வந்தா நான் மட்டுமா?"

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். முதல் கையெழுத்து தலைவருடையது, இரண்டாவது என்னுடையது. ஒன்றும் சொல்லாமல் பார்த்தான். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தான்.

முரளி 2010-இல் காலி திடலில் தன் கடைசி டெஸ்ட் பந்தில் 800-ஆவது விக்கெட்டை எடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். 2014-இல் அதே ஆஸ்திரேலியா, தன் வீரர்களுக்குச் சுழற்பந்து சொல்லிக்கொடுக்க அவரை அழைத்தது. அவர் கையை அளக்கக் காமிரா இருந்தது. நம் பக்கத்து லயத்துப் பையனுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவனுக்கு இருப்பது நாம் மட்டும்தான். அடுத்த முறை யாரையாவது சந்தேகமாகப் பார்க்கும் முன், ஒரு நிமிஷம் நின்று கேட்டுப் பாருங்கள்: நான் பார்ப்பது கம்பியா, நிழலா?