மனநோயுற்ற கலைஞனும் மருத்துவன் கடமையும்

மனநோயுற்ற கலைஞன் ஒருவன் மருத்துவனை நாடி வருங்கால், அம்மருத்துவன் காக்க வேண்டியது கலையையா, மனிதனையா? பித்தே கலையின் ஊற்று என்போர், நோய் தீர்ந்தால் கலையும் வற்றுமென அஞ்சுவர். வேறு சிலர், மீண்டும் கலை படைப்பான் என்பதற்காகவே அவனைக் குணப்படுத்த வேண்டுமென்பர். இரு சாராரும் கலைஞனைக் கலையின் கருவியாகவே கொள்கின்றனர்.

இவ்வினாவை ஆராயக் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸின் வாழ்வு துணைபுரியும். 1887இல் பிறந்த அவர், 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். சிக்மண்ட் பிராய்டுடன் பல்லாண்டுகள் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1940இல் அவர் முயற்சியால் லும்பினி பார்க் மனநோய் மருத்துவமனை தோன்றியது. அதற்கு நிலம் ஈந்தவர் அவருடைய தமையனாரும் வங்க எழுத்தாளருமான ராஜசேகர் போஸ்.

1942இல் வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் நோயுற்றுப் பேச்சிழந்தார். போஸ் அவருக்கு அம்மருத்துவமனையில் சில மாதங்கள் சிகிச்சையளித்தார். பயன் விளையவில்லை. 1953இல் வியன்னா மருத்துவர்கள், கவிஞரின் மூளையே நோயால் சிதைந்து வருவதாகக் கண்டனர். 1976இல் இறக்கும்வரை, முப்பத்துநான்கு ஆண்டுகள், ஆயிரக்கணக்கான பாடல்களை ஆக்கிய அந்நா மௌனித்தே இருந்தது.

இந்நிகழ்ச்சி இரு கூற்றுகளையும் ஒருங்கே மறுக்கின்றது. கவிஞரின் நோய் கவிதையை வளர்க்கவில்லை, அழித்தது. ஆதலின் நோய் எப்போதும் கலையின் ஊற்றென்பது பொருந்தாது. இனி, கலை பயப்பதே சிகிச்சையின் நியாயமெனின், ஒரு பாடலையும் மீட்டுத் தராத அச்சிகிச்சை வீணெனல் வேண்டும். அங்ஙனம் கூற எவர் மனமும் ஒருப்படாது. எனவே பராமரிப்புக்கு உரியவர் கவிஞரெனும் மனிதரே, அவர்தம் படைப்பன்று.

இம்முடிவை ஏற்போர் இன்னுமோரடி செல்லல் வேண்டும். உரிமை மனிதனுக்காயின், அது புகழுடையோர்க்கு மட்டும் உரியதாகாது. ஹட்டனைச் சூழ்ந்த தோட்டங்களில் மாசி மாதந்தோறும் காமன் கூத்தில் ரதியாகவும் மன்மதனாகவும் ஆடுவோரின் பெயர்கள் நூல்களில் ஏறுவதில்லை. அவர்களுள் ஒருவன் மனந்தளர்ந்து லயத்தின் மூலையில் முடங்குவானாயின், "அங்கொடைக்கு அனுப்ப வேண்டியவன்" என்ற ஏளனச் சொல்லே முதலில் எழும். 1926இல் அங்கொடையில் எழுந்த மனநோய் மருத்துவமனையின் ஊர்ப்பெயர் வசைச்சொல்லாய் மாறியமை, நோயாளியினும் சமூகத்தின் குறையையே காட்டுகின்றது. அவ்வசைக்கு அஞ்சி, குடும்பத்தார் நோயை மறைப்பர், மருத்துவம் காலந்தாழும்.

ஒவ்வொரு விருப்புடனும் அதற்கு எதிரான விருப்பும் உள்ளத்தே உறைகின்றது என்பது போஸின் கொள்கை. செய்பவன் செய்யப்படுபவனின் நிலையிலும் தன்னை வைத்துக் காணுதல் அவர் கண்ட சிகிச்சை முறையின் ஒரு கூறு. அதனை ஒழுக்க நெறியாகவும் கொள்ளலாம். எள்ளுபவன் எள்ளப்படுபவனின் நிலையில் தன்னை வைத்துக் காணும்போது, கவிஞனுக்கும் கொழுந்து பறிப்பவளுக்கும் உரிய பராமரிப்பு ஒன்றேயென்பது தெளிவாகும்.