கிடைக்காமையும் முயலாமையும்

பட்டம் பெற்ற மகன் மூன்றாம் ஆண்டாக வேலையின்றி வீட்டில் இருக்கின்றான். திண்ணையில் அமர்ந்திருந்த உறவினர் ஒருவர், "எல்லாம் அவன் வினைப்பயன்" என்று கூறிவிட்டுத் துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு போகின்றார். வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளில் நம்மவர் வாழும் ஊர்களில் இக்காட்சியை நாம் கண்டிருக்கின்றோம். வினைக் கொள்கையை வழிவழியாகப் போற்றி வரும் நாம் அவர் கூற்றை முற்றும் மறுக்க இயலாது. ஆயினும் அது முழு உண்மைதானா?

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நம் நாட்டின் பொருளாதாரம், முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கிற்று. அவ்வாண்டு கல்லூரியை விட்டு வெளிவந்தோர் அனைவரும் ஒரே தீவினையைச் செய்து பிறந்தவர்கள் என்போமா? 2024இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 20 லட்சம் பேர். இடம் பெறாதவர் எல்லாம் சோம்பர் என்பதும் அறியாமையே. காலம், இயல்பு, நியதி, முன்வினை, முயற்சி என்னும் ஐந்தும் கூடியே ஒரு செயல் முடிகின்றது என்பர் நம் ஆன்றோர். இவற்றுள் ஒன்றையே பற்றி நின்று பேசுவது ஏகாந்தம்.

வினைகள் எட்டனுள் இறுதியாக எண்ணப்படுவது அந்தராயம். அது தானம், லாபம், போகம், உபபோகம், வீரியம் ஆகிய ஐந்தையும் தடுப்பதால் ஐவகைப்படும் என்று தத்துவார்த்த சூத்திரம் வகுக்கின்றது. பேற்றைத் தடுப்பது வேறு, ஆற்றலைத் தடுப்பது வேறு என்று அந்நூல் பிரித்து வைத்ததில் நமக்கொரு தெளிவு கிட்டுகின்றது. நேர்முகத் தேர்வுக்குச் சென்றவன் வெறுங்கையுடன் திரும்புவது கிடைக்காமை. மறுநாள் விண்ணப்பப் படிவத்தைத் தொடவே கை எழாதிருப்பது முயலாமை. முன்னது நிகழ்ந்ததனால் பின்னதும் நிகழ்ந்தே தீரவேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. பிறர் பெறுவதற்கு இடையூறு செய்தல் அந்தராய வினை ஊறுதற்கு வாயில் என்றும் அந்நூலே கூறுகின்றது. திண்ணையில் கூறப்பட்ட அச்சொல் யாருக்கு வினையாயிற்று என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆதிபகவன் வரலாற்றை நாம் அறிவோம். துறவேற்று ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்த பெருமான், பின்னர்ச் சரியைக்கு எழுந்தருளினார். முனிவர்க்கு உணவளிக்கும் முறையை அந்நாளில் எவரும் அறியார். மணிகளையும் யானைகளையும் கன்னியரையும் கொண்டுவந்து முன் நிறுத்தினர். பெருமான் அவற்றை ஏற்கவில்லை. கொணர்ந்தவரை வெறுக்கவும் இல்லை. மேலும் ஆறு திங்களுக்கு மேல் ஊர் ஊராகச் சென்றார். அத்தினபுரத்தில் சிரேயாம்சன் முற்பிறப்பு நினைவு வரப்பெற்று, கரும்பின் சாற்றை முறைப்படி அளித்தான். அந்த அட்சய திருதியை நாளில் இன்று நகைக் கடைகளில்தான் கூட்டம் நெரிகின்றது!

முனிவரையும் வேலை தேடும் இளைஞனையும் ஒப்பிடுவது முற்றும் பொருந்தாது என்பதை ஒப்புகின்றோம். பெருமானுக்குப் பசித் துன்பமில்லை. வீட்டு வாடகையும் தங்கையின் கல்விக் கட்டணமும் இல்லை. இல்லறத்தானுக்கு இவை உண்டு. அதனாலேயே, படிப்புக்கேற்ற பதவி வரும்வரை சிறு வேலை ஒன்றை ஏற்பதில் இழிவு ஏதும் இல்லை என்று கருதுகின்றோம். ஆனால் மணியும் யானையும் வேறு வடிவில் இன்றும் வருகின்றன. சில லட்சம் தந்தால் அரசுப் பணி வாங்கித் தருவதாகத் தரகர் வருகின்றார். நிலத்தை விற்றுக் கொடுத்து ஏமாந்தவர்களும் உளர். பணி கிடைத்தாலுந்தான் என்ன? அது உரியவன் ஒருவனிடமிருந்து பறித்தது. கள்ளாமையை அணுவிரதமாகக் கொண்ட குடும்பத்தார், தளர்ச்சி மிகுந்த அந்த வேளையில்தான் மறுத்துக் கூறும் உறுதி பெறவேண்டும். இது எளிதன்று.

சிரேயாம்சன் செய்தது ஒன்றுதான்: வாயிலில் வந்து நின்றவருக்கு எது வேண்டும் என்பதை அறிந்துகொண்டான். திண்ணையிலிருந்து எழுந்து போன உறவினரின் மருமகன் சென்னையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரிகின்றார். அங்கே இடம் இருக்கின்றதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.