நீர்பாய்ச்சியின் அதிகாரம்

திருச்சுழிக்குப் பக்கத்தில், குண்டாற்றை விட்டு விலகிய ஒரு கரிசல் ஊர் என்னுடையது. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் மிளகாய், அதுவும் கருகினால் திருப்பூருக்குப் பஸ். சிறுவயதில் அங்கு நான் பார்த்த அதிகாரங்களில் விசித்திரமானது நீர்பாய்ச்சியின் அதிகாரம்.

எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை அவர்தான் சொல்வார். தலைமடைக்காரர் ராத்திரியில் வாய்க்காலை வெட்டிவிட்டால் காலையில் வந்து பேசாமல் அடைத்துவிட்டுப் போவார். பெரிய பட்டாதாரும் வாய் திறப்பதில்லை. தண்ணீர் போதாத வருஷத்தில் எந்தப் பயிரைக் காயவிடுவது என்பதும் ஏறக்குறைய அவர் கையில்தான். அந்த ஆயக்கட்டில் அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அறுப்பு முடிந்து களத்தில் அளந்துபோடும் நெல்தான் வரும்படி. நிலமில்லாதவன் கையில் தண்ணீர் இருந்தால்தான் நியாயம் நடக்கும் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வெகுநாள் நானும் அதை ஒப்புக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவரை நியமிக்கிற கூட்டத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மந்தைக்கு வெளியே நிற்பார். முறையை நிறைவேற்ற அவர் வேண்டும், முறையை வகுக்க வேண்டாம். அவருடைய நடுநிலை எங்கிருந்து வந்தது? சாய்வதற்கு அவருக்கென்று ஒரு பக்கம் இல்லாததிலிருந்து. ஒரு மனிதனை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, அதன் விளைவுக்கு நியாயம் என்று பெயர் சூட்டிக்கொண்டிருந்தோம்.

கண்மாய் யாருடையது என்ற கேள்விக்குச் சர்க்காரிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் உண்டு. ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஓர் ஆளாகக் கரைவேலை செய்துவந்த குடிமராமத்தை, 1858ஆம் வருஷத்துச் சென்னை ராஜதானிச் சட்டம் கட்டாயமாக்கியது. வராதவனிடம் உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு வசூலிக்கலாம் என்றது. மனமுவந்து செய்த வேலையைக் கடமையாக்கிய அதே கை, கண்மாயின் மேல் உரிமையை மட்டும் ஊருக்குத் தரவில்லை. 1948க்குப் பிறகு ஜமீன்களும் போயின. இன்று தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39,000 கண்மாய், ஏரிகளில், ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம், மிஞ்சினால் பொதுப்பணித்துறை வழி வந்த நீர்வளத்துறை. ஏக்கர் கணக்குப் பார்த்தா கரை உடைகிறது?

அப்படியானால் உழைக்கிறவனுக்கே அதிகாரம் என்று சொல்லிவிடலாமா? சொல்லத் தோன்றும், எனக்குத் தயக்கம் இருக்கிறது. 2017இல் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு குடிமராமத்து மறுபடி தொடங்கப்பட்டது. டெண்டர் இல்லாமல் வேலையை ஆயக்கட்டுதாரர்களிடமே கொடுப்பது, பத்தில் ஒரு பங்கு அவர்கள் போடுவது என்பது ஏற்பாடு. நல்ல யோசனை. எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் அலைந்து திரிந்து கையெழுத்து வாங்கிய நாலு பேர் சங்கமானார்கள். அவர்கள் உழைத்ததும் மெய். மறுவருஷமே, ‘நாங்கள் பாடுபட்டோம், நாங்கள் வைத்ததுதான் முறை’ என்றார்கள். கடைமடையில் முப்பது சென்ட் வைத்திருந்த கிழவி என்ன செய்வாள்? மண்வெட்டி பிடிக்க அவளுக்குத் தெம்பில்லை. தொண்டு என்பது ஒருவகைக் கடன் பத்திரமாகிவிட்டால் அதற்கு வட்டி கட்டுகிறவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) நாம் ஜனநாயகப் பெருமைக்கே காட்டுகிறோம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஏரி வாரியத்தில் இருந்தவன் 360 நாளில் இறங்க வேண்டும்; கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வர முடியாது. இத்தனை தெளிவோடு எழுதிய அதே சுவரில், கால் வேலி நிலம் இல்லாதவனுக்கு (வேதம் கற்றவனுக்கு மட்டும் சலுகை உண்டு) குடவோலையில் பெயர் இல்லை என்றும் இருக்கிறது. சபை பிராமணர்களுடையது. ஆயிரம் வருஷம் கழித்து வந்த 2000ஆம் ஆண்டுப் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டமும் வாக்கை நில உரிமையாளரிடமே வைத்தது. வாரத்துக்கு உழுகிறவர், ஆடு நீர்காட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், உள்வாயில் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போடுகிறவர் எல்லாரும் கண்மாயை நம்பித்தான் இருக்கிறார்கள். பட்டா இல்லை, அவ்வளவுதான்.

எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதிய நூலில், பொதுச்சொத்துக்கள் நீடித்து நிற்கும் இடங்களில் விதியால் பாதிக்கப்படுகிறவர்கள் அந்த விதியை மாற்றுவதிலும் பங்கு கொள்கிறார்கள் என்று காட்டினார். 2009இல் நோபல் பரிசும் கிடைத்தது. எல்லாரும் கூடினால் ஒன்றும் முடிவாகாது, தண்ணீர் காத்திருக்காது என்று இதற்கு மறுப்புச் சொல்வார்கள். உண்மைதான். கரை உடைப்பெடுக்கும் ராத்திரியில் கூட்டம் போட முடியாது. அப்போது கரைமேல் நிற்கிறவன் வைத்ததே சட்டம். ஆனால் சித்திரை வெயிலில், கண்மாய் காய்ந்து கிடக்கையில், யாருக்கு என்ன அவசரம்? நீர்பாய்ச்சியிடம் ராத்திரியின் அதிகாரத்தை முழுசாகக் கொடுக்கலாம், கோடையில் அதற்குக் கணக்குக் கேட்கவும் அவரை மாற்றவும் கண்மாயை நம்பியவர் எல்லாருக்கும் பாத்தியதை இருக்குமானால். கேட்கிறவர்களுக்கு நடுவில் அவருக்கும் ஓர் இடம் இருக்குமானால்.

எங்கள் நீர்பாய்ச்சி இறந்துபோய் வருஷங்களாகின்றன. பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒரு மழைக்காலம், கண்மாய் பெருகியதும் ஆள் அனுப்பி வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். நெல்லுக்குப் பதில் ரூபாயாகவே தருவதாகவும் சொன்னார்கள். அவன் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லையாம். ‘கூட்டத்துல நான் உக்காரலாமா, நின்னுக்கிட்டுத்தான் இருக்கணுமா?’ என்று கேட்டிருக்கிறான்.

பொங்கல் கழித்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்த வருஷம் மடையை முதலில் வந்தவர் திறந்தார்.