எதிரணிக்குக் கைதட்டலாமா?

நாம உயிரா நேசிக்கிற அணியைத் தோற்கடிச்சவங்களுக்கு எழுந்து நின்று கைதட்டினா, அது பெருந்தன்மையா, துரோகமா?

மலேசியாவில் கிரிக்கெட் பார்க்கிறவங்க கொஞ்சம் பேர்தான். ஆனா இந்தியா, பாகிஸ்தான் ஆட்டம்னு சொன்னா மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும் அளவுக்குப் பேச்சு சூடாகும். "நாம ஜெயிக்கிறதை விட அவங்க தோற்கணும்" என்பதும் அங்கே சகஜம். அந்த வாக்கியத்தைத்தான் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இரு நாடுகளும் 2007க்குப் பிறகு டெஸ்ட் தொடர் ஆடவில்லை. என் வயதுக்காரர்கள் பழைய காணொளிகளில்தான் பார்க்க முடியும். அதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 1999 ஜனவரி, சென்னை சேப்பாக்கம். தில்லி மைதானத்தின் ஆடுகளத்தைச் சிலர் தோண்டிப் போட்டதால் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. இந்தியாவுக்கு இலக்கு 271. 82 ரன்னுக்கு 5 விக்கெட் போனது. முதுகுவலியோடு சச்சின் 136 எடுத்தார். இன்னும் 17 ரன் தேவை என்ற நிலையில் சக்லைன் முஷ்டாக் பந்தில் அவர் அவுட். மிச்ச மூன்று விக்கெட்டும் 4 ரன்னில் விழ, பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது, மனசு உடைந்துபோன அந்தக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. கொல்கத்தாவில் அதே இரு அணிகள். ஷோயிப் அக்தர் மேல் மோதியதால் சச்சின் ரன் அவுட் ஆனார். கூட்டம் கொந்தளித்தது. கடைசி நாளில் போலீஸ் ரசிகர்களை வெளியேற்ற, காலியான அரங்கில் ஆட்டம் முடிந்தது. பாகிஸ்தான் 46 ரன்னில் வென்றது.

சென்னைக்காரங்க நல்லவங்க, கொல்கத்தாக்காரங்க கெட்டவங்கன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். ஆனா அது நியாயமில்லை. சென்னையில் நேரான தோல்வி. கொல்கத்தாவில் அநியாயம் நடந்துவிட்டது என்ற எண்ணம். குறை சொல்ல எதுவும் இல்லாதபோது கைதட்டுவது ஒரு குணம். மனசு கொதிக்கும்போதும் கல்லை எடுக்காமல் இருப்பது அதைவிடக் கடினமான குணம். ரசிகனுக்கு உண்மையான டெஸ்ட் அங்கேதான்.

நான் பொறியியல் படிக்கிறேன். சுமை ஏற்றாமல் ஒரு உத்திரத்தின் வலிமையைச் சொல்ல முடியாது. சச்சினின் 136 ஏன் இன்னும் பேசப்படுகிறது? எதிரே வாசிம் அக்ரமும் வக்கார் யூனிஸும் சக்லைனும் பந்து வீசினார்கள். அவர்களை மட்டம் தட்டினால், நம்ம ஆளுடைய சதத்தையும் சேர்த்துத்தான் மட்டம் தட்டுகிறோம்.

"அப்போ நாட்டுப்பற்று?" என்று கேட்கலாம். சேப்பாக்கத்தில் அழுதுகொண்டே கைதட்டியவர்களுக்கு அது குறைவா என்ன? பற்று என்பது நம் அணியோடு நமக்குள்ள உறவு. அது வாழ அடுத்தவன் மேல் வெறுப்பு தேவையில்லை. வெறுப்பு இல்லாவிட்டால் என் பற்றில் என்ன மிச்சம் இருக்கும் என்று ஒவ்வொருவரும் கேட்டுப் பார்க்கலாம். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், நாம் ரசித்தது கிரிக்கெட்டே இல்லை.